ஸ்பிரின்ட் ஓடுற ஸ்கூல் பசங்களுக்கு சீசன் பிளான்: கடலூர்ல என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கடலூர்ல ஒரு ஸ்கூல்ல பிடி வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவன். இப்போ காலைல மட்டும் 9வதுல இருந்து +2 வரைக்கும் படிக்கிற பசங்க பொண்ணுங்க ஒரு பதினஞ்சு இருபது பேருக்கு 100, 200, 400 மீட்டர் ஓட்டம் சொல்லித் தர்றேன். காசு வாங்குறதில்ல, அதனால பேரண்ட்ஸ் தைரியமா கேள்வி கேக்குறாங்க, புதுசா வேலைக்கு சேர்ந்த பிடி டீச்சருங்களும் போன் பண்ணி கேக்குறாங்க. சொன்னதையே சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டுபோச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

தினமும் கிரவுண்ட 10 ரவுண்டு சுத்தினாதான சார் ஸ்டாமினா வரும்? நீங்க ஏன் ரவுண்டே விடறதில்ல?

ஸ்டாமினா வரும். ஸ்பீடு வராது. 100 மீட்டர்ங்கறது நம்ம ஸ்கூல் பையனுக்கு 12, 13 செகண்டுல முடிஞ்சுபோற சமாச்சாரம். முதல் சில செகண்டுக்கு வேணுங்கற சக்தி தசைக்குள்ளயே ரெடியா இருக்குற கிரியேட்டின் பாஸ்பேட்டுல இருந்து வருது, அது குறைய குறைய உடம்பு சர்க்கரைய உடைச்சு ஓட்டுது, இதுல மூச்சு வாங்கி ஆக்சிஜன் வந்து சேந்து உதவி பண்றதுக்குள்ள ரேஸே முடிஞ்சுரும். 400 மீட்டர் டிராக்குல 10 ரவுண்டுன்னா 4 கிலோமீட்டர். அத எந்த பையனும் பாதி வேகத்துலதான் ஓடுவான், தினமும் பாதி வேகத்துல ஓடினா உடம்பு அதத்தான் மனப்பாடம் பண்ணும். வார்ம் அப்புக்கு ரெண்டு ரவுண்டு மெதுவா ஓடுறது வேற, அதுக்கு மேல போனா அது 1500 ஓடுறவனுக்கு.

நானும் ஒரு காலத்துல ரவுண்டு கோஷ்டிதான். வாந்தி எடுத்தாத்தான் டிரெயினிங்னு நினைச்சவன். ஒரு வருஷம் மாவட்டப் போட்டிக்கு 9 நாள் இருக்கு, பசங்க கொஞ்சம் மெத்தனமா இருக்காங்கன்னு எனக்கே ஒரு எரிச்சல், 200 மீட்டர் 10 தடவ, நடுவுல ரெண்டு நிமிஷம் கேப்னு சொல்லிட்டேன். எங்கிட்ட இருந்ததுலயே நல்ல பையன், 100 மீட்டர கை வாட்ச்ல (கையால அமுக்குற ஸ்டாப் வாட்ச்) 11.6 செகண்டுல ஓடுறவன், ஏழாவது ரன்ல வளைவு முடிஞ்சு நேர் பாதைக்கு வர்ற எடத்துல டக்குனு தொடைய பின்னாடி புடிச்சிட்டு ஒத்தக் கால்ல நாலு தவ்வு தவ்வி உக்காந்துட்டான். மாவட்டப் போட்டிய ஓரத்துல உக்காந்து பாத்தான். அவங்க அம்மா மறுநாள் கிரவுண்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்த சொல்லல, பையனோட ஷூவ மட்டும் எடுத்துட்டுப் போனாங்க. திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன்.

பசங்க பாதி நேரம் சும்மாவே உக்காந்திருக்காங்களே?

இத ஒரு தாத்தா கேட்டாரு, பேத்திய தினமும் டிவிஎஸ்ல கூட்டிட்டு வருவாரு, வாட்ச பாத்து கணக்கு போட்டு வச்சிருக்காரு, "சார், ஒரு மணி நேரத்துல பாப்பா மொத்தமா ரெண்டு நிமிஷம் கூட ஓடல சார்"னு. கரெக்டுதான் ஐயா, அதான் டிரெயினிங்னு சொன்னேன், நம்பல.

முழு வேகத்துல ஓட விட்டா 10 மீட்டருக்கு ஒரு நிமிஷம் ரெஸ்ட்ங்கறது ஸ்பிரின்ட் கோச்சுங்க எல்லாரும் வச்சிருக்குற மோட்டா கணக்கு. 30 மீட்டர் ஓடினா 3 நிமிஷம், 60 ஓடினா 6 நிமிஷம். தசைக்குள்ள தீந்துபோன பாஸ்பேட் திரும்ப நிரம்ப அவ்வளவு நேரம் வேணும். அதுக்கு முன்னாடி திரும்ப விட்டீங்கன்னா ரெண்டாவது ரன் முதல் ரன்ன விட ஸ்லோ, மூணாவது இன்னும் ஸ்லோ, அப்புறம் நீங்க பண்றது ஸ்பீடு டிரெயினிங் இல்ல, பசங்கள சோர்வாக்குற வேலை. நான் ஒரு ரூல் வச்சிருக்கேன்: 30 மீட்டர்ல நேரம் 2 தடவ தொடர்ந்து ஏறிச்சுன்னா அன்னைக்கு கடை மூடியாச்சு. மீதி 4 ரன் பாக்கி இருந்தாலும் சரி. இதுல கஷ்டப்படறது பசங்க இல்ல, நான்தான், ஏன்னா வாத்தியாருக்கு கை அரிக்கும், இன்னும் ஒண்ணு விடலாமேன்னு.

அதே மாதிரி முழு வேக நாள் ரெண்டுக்கு நடுவுல 48 மணி நேரம் விடணும். திங்கள், புதன், வெள்ளி.

சீசன் பிளான் எப்படி போடறது? ஜூன்லயா ஆரம்பிக்கணும்?

பின்னாடி இருந்து எண்ணுங்க. நம்ம ஸ்கூல் பசங்களுக்கு படிக்கட்டு இப்படி: குறுவட்டம் (பக்கத்து பக்கத்து ஸ்கூலுங்க மோதுற போட்டி), அதுல ஜெயிச்சா மாவட்டம், அதுக்கப்புறம் மாநிலம். இதுக்கு நடுவுல முதலமைச்சர் கோப்பை. தேதி வருஷா வருஷம் ஆடும், ஆனா குறுவட்டம் ஸ்கூல் திறந்து ரெண்டு மாசத்துக்குள்ள எப்பவேணா வந்துரும், சர்க்குலர் வந்து பத்து நாள்ல போட்டி இருக்கும். ஜூன் பாதில ஆரம்பிச்சா கை கால் வலி போறதுக்குள்ள போட்டி வந்துருது. பாண்டி பசங்களுக்கு ஸ்கூல் திறக்குறதும் போட்டியும் வேற கணக்கு, அவங்க தேதிய அவங்க பாத்துக்கணும், முறை ஒண்ணுதான்.

அதனால எனக்கு வருஷம் மே மாசம் ரெண்டாவது வாரத்துல ஆரம்பிக்குது. அக்னி நட்சத்திரம் ஓடிட்டு இருக்கும், தெரியும், அதனாலதான் அஞ்சே முக்காலுக்கு ஆரம்பிச்சு ஏழேகாலுக்கு முடிச்சிடறது. முதல் மூணு வாரம் ஸ்பீடே கிடையாதுன்னு சில பேர் சொல்லுவாங்க, நான் அத ஒத்துக்கறதில்ல, முதல் நாள்ல இருந்தே குட்டி குட்டியா 10 மீட்டர், 20 மீட்டர் முழு வேகம் உண்டு, அளவுதான் கம்மி. அதோட ஸ்கிப்பிங், தவ்வல், ஏ ஸ்கிப் (முட்டிய தூக்கி துள்ளித் துள்ளிப் போறது), முட்டி தூக்குற டிரில், தண்டால், ஸ்குவாட், மெடிசின் பால் இல்லன்னா அஞ்சு லிட்டர் தண்ணி கேன். வாரத்துக்கு ஒரு நாள் கேப்பர் மலை பக்கம் மெதுவான ஏத்தம் பாத்து 20, 30 மீட்டர் ஏத்தத்துல ஓட்டம், வண்டி வராத எடமா பாத்துதான். ஏத்தத்துல ஓடும்போது உடம்பு தானா முன்னாடி சாயும், கால் தானா பின்னாடி தள்ளும், நான் வாயால அரை மணி நேரம் சொல்ற விஷயத்த ஏத்தம் ரெண்டு ரன்ல சொல்லிக் குடுத்துரும். இறங்கும்போது நடந்துதான் வரணும்.

ஜூன்ல ஸ்டார்ட்டும் முதல் 30 மீட்டரும். அதுலயே பாதி ரேஸ் இருக்கு. ஜூலைல ஃப்ளையிங் ரன்: 20, 25 மீட்டர் ஓடி வேகம் ஏத்திட்டு வந்து நடுவுல ஒரு 20 மீட்டர கோன் வச்சு அளந்து அந்த 20 மட்டும் டைம் எடுக்கறது. ஒரு பையன் போன மாசம் அந்த 20அ 2.30 செகண்டுல தாண்டினான், இப்போ 2.20ல தாண்டறான்னா அவனோட 100 தானா குறையும், நீங்க 100 ஓட விட்டுப் பாக்கவே வேண்டாம். நாலு ரன், அஞ்சு ரன், அவ்வளவுதான். குறுவட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி எண்ணிக்கைய பாதியாக்கிருவேன், வேகத்த குறைக்க மாட்டேன்.

குறுவட்டம் முடிஞ்சு மாவட்டத்துக்கு போற நாலஞ்சு வாரத்துலதான் 80, 100, 120 மீட்டர் ரன்னுங்கள உள்ள கொண்டு வர்றது. 200 ஓடறவங்களுக்கு 150 வரைக்கும். 8 நிமிஷம், 10 நிமிஷம் ரெஸ்ட், மொத்தமே மூணு ரன். 400 பசங்களுக்கு மட்டும் வாரத்துல ஒரு நாள் 250 இல்லன்னா 300, ரெண்டே ரன், நடுவுல 15 நிமிஷம். 400 பசங்க அன்னைக்கு என்னை சபிச்சுட்டேதான் வீட்டுக்குப் போவாங்க, போகட்டும்.

அப்புறம் மழை.

மழைக் காலத்துல என்ன பண்றது?

அக்டோபர் பாதில இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம ஊர் கிரவுண்டு நம்மோடது இல்ல. தானே புயல் 2011 டிசம்பர் 30ந்தேதி நம்ம மேல ஏறிப்போச்சு, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிகிட்ட கரைய கடந்துச்சு, அதுக்கப்புறம் தென்பெண்ணை தண்ணி ஊருக்குள்ள வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். புயல் இல்லாத வருஷத்துலயும் கிரவுண்டுல கணுக்கால் சேறு. சேத்துல முழு வேகம் விடாதீங்க, வழுக்குற தரையில கால் பின்னாடி நழுவும்போதுதான் தொடை போகுது.

ஸ்கூல் வராண்டா 25 மீட்டர் இருந்தா போதும், 15 மீட்டர் ஸ்டார்ட் அடிச்சு மீதி 10ல நிக்கலாம், கடைசி சுவத்துல ஒரு பழைய ஜிம்னாஸ்டிக் மெத்தைய சாத்தி வச்சிட்டா பயம் இல்ல. ஈரமா இருக்குற டைல்ஸ் வராண்டால மட்டும் வேண்டவே வேண்டாம். மாடிப்படில ஒவ்வொரு படியா வேகமா ஏறுறது, நின்ன எடத்துல இருந்து நீளம் தாண்டுறது, வெயிட் டிரெயினிங். இந்த ரெண்டு மாசத்துலதான் பசங்க உடம்பு பலம் ஏறும், அதனால மழைய நான் திட்டறதில்ல. பொங்கல் முடிஞ்சு கிரவுண்டு காஞ்சதும் திரும்ப 20 மீட்டர்ல இருந்து ஆரம்பம்.

சில்வர் பீச் மணல்ல ஓடினா ஸ்பீடு வரும்னு சொல்றாங்களே?

எல்லாருக்கும் பீச் ஆசை. சில்வர் பீச் இருக்குற தேவனாம்பட்டினம் மணல்ல சனிக்கிழம காலைல நானும் கூட்டிட்டுப் போறேன், ஆனா ஸ்பீடுக்கு இல்ல. முழு வேகத்துல ஓடும்போது நல்ல ஸ்பிரின்டரோட பாதம் தரைல இருக்குறது ஏறக்குறைய ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்குதான், தொட்டுச்சு விட்டுச்சுன்னு இருக்கணும், காய்ஞ்ச மணல்ல பாதம் உள்ள புதைஞ்சு எழுந்து வர்றதுக்கு அதவிட அதிக நேரம் ஆகும், அந்த பழக்கம் டிராக்குக்கு வந்தா கேடு. கணுக்காலும் பாதமும் பலமாகும், தவ்வல் டிரில் பண்ணலாம், கபடி விளையாடலாம். தண்ணியோரம் இருக்குற கெட்டி மணல்ல முக்கால் வேகத்துல 100, 100 மீட்டரா ஓடி நடந்து வரலாம், ஆனா அங்க ஒரு பக்கம் சரிவு, அதனால போகும்போது எவ்வளவோ வரும்போதும் அவ்வளவு ஓடணும், இல்லன்னா ஒரு இடுப்பு மட்டும் வலிக்கும். முடிஞ்சதும் கடல்ல இறங்கறேன்னு கேப்பாங்க. முட்டிக்கு மேல தண்ணிக்கு நான் விடறதில்ல.

ஸ்டார்ட்டிங் பிளாக் (கிளம்பும்போது பாதத்துக்கு முட்டு குடுக்குற கட்டை) எங்க ஸ்கூல்ல இல்ல, என்ன பண்ண?

பெரும்பாலான ஸ்கூல்ல இல்ல, இருந்தா துருப்பிடிச்சு பிடி ரூம் மூலைல பேட்மிண்டன் நெட்டுக்கு அடியில கிடக்கும். ரெண்டு பசங்க உக்காந்து அவங்க பாதத்த ஓடுறவன் குதிகாலுக்குப் பின்னாடி செங்குத்தா வச்சு முட்டு குடுத்தா அதுவே பிளாக்குதான். எங்க பசங்க ரெண்டு வருஷம் இப்படித்தான் பழகினாங்க.

அளவு: கோட்டுல இருந்து முன் காலுக்கு தன்னோட பாதத்தால 2 அடி, பின் காலுக்கு 3 அடி. அங்க ஆரம்பிச்சு ஆளுக்கு தகுந்த மாதிரி அரை பாதம் முன்ன பின்ன நகத்திக்கலாம். எந்தக் கால் முன்னாடின்னு தெரியலன்னா, பையன நேரா நிக்க வச்சு பின்னாடி இருந்து லேசா தள்ளுங்க, விழாம இருக்க எந்தக் கால முன்னாடி வைக்கிறானோ அது பின் கால், மத்தது முன் கால். 'செட்' சொன்னதும் இடுப்பு தோள விட கொஞ்சம் மேல, முன் முட்டி ஏறக்குறைய 90 டிகிரி, பின் முட்டி இன்னும் விரிஞ்சு 120க்கு மேல. கண்ணு கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி தரைல. பசங்க எல்லாரும் பண்ற ஒரே தப்பு, துப்பாக்கி சத்தம் கேட்டதும் டக்குனு நிமிந்து நிக்கறது, அங்கயே ரெண்டு மீட்டர் போச்சு. நான் 5 மீட்டர்ல ஒரு கர்சீஃப் போட்டு வைப்பேன், அத தாண்டற வரைக்கும் தலைய தூக்கக் கூடாது.

மண் டிராக்குல பிளாக் வச்சா ஆணி இறங்கணும். மழை பேஞ்சு காஞ்ச மண்ணு சிமென்ட் மாதிரி இருக்கும், சுத்தியல் கொண்டு போங்க. போட்டில சுத்தியல் இல்லாம கல்ல தேடி ஓடுன பையன நான் பாத்திருக்கேன்.

ஃபால்ஸ் ஸ்டார்ட் (துப்பாக்கிக்கு முன்னாடியே கிளம்புறது) ஆயிடுதே?

ரூல்படி 2010ல இருந்து முதல் தடவையே அவுட். எலக்ட்ரானிக் செட்டப் இருந்தா துப்பாக்கிக்கு அப்புறம் 0.100 செகண்டுக்குள்ள நகந்தாலும் அவுட்டுதான், மனுஷன் காது கேட்டு கால் நகர அவ்வளவு நேரமாவது ஆகும்ங்கற கணக்கு. பசங்க தப்பு பண்றதுக்கு காரணம், நம்மதான். பிராக்டிஸ்ல 'செட்' சொல்லி எப்பவும் ஒரே இடைவெளில கைதட்டறோம், பையன் சத்தத்துக்கு இல்லாம தாளத்துக்கு ஓட பழகிடறான். ஒரு தடவ சீக்கிரம் தட்டுங்க, ஒரு தடவ மூணு செகண்டு இழுங்க, ஒரு தடவ தட்டாமலே 'எழுந்திரு' சொல்லுங்க.

கடைசி 20 மீட்டர்ல என் பையன் தளந்துடறான், ஸ்டாமினா பத்தலையா?

2009 பெர்லின்ல உசைன் போல்ட் 9.58 ஓடினாரு இல்ல, அதுல 60ல இருந்து 80 மீட்டர் வரைக்கும் 1.61 செகண்டு, கடைசி 20க்கு 1.66. அவரே தளந்திருக்காரு. 100 மீட்டர்ல கடைசில வேகம் ஏத்தறவன்னு யாரும் கிடையாது, கம்மியா தளர்றவன்தான் மத்தவங்கள பிடிக்கிற மாதிரி தெரியுது. ஸ்கூல் பசங்க 40, 50 மீட்டர்லயே உச்ச வேகத்த தொட்டுடுவாங்க, அதுக்கப்புறம் இறங்கு முகம்தான். அந்த உச்ச வேகத்த ஏத்தினா கடைசியும் சேந்து ஏறும்.

இன்னொண்ணு, பக்கத்து லேன்ல ஒருத்தன் தெரிஞ்சதும் பல்லக் கடிச்சு, தோள காதுகிட்ட தூக்கி, கைய இறுக்கி மூடிக்கறாங்க. அப்போ எட்டு வைக்கிற தூரம் குறையுது. விரலுக்கு நடுவுல ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ உடையாம பிடிச்சிருக்குற மாதிரி கைய வச்சுக்கோன்னு சொல்லுவேன். ஒரு நாள் நிஜமாவே சிப்ஸ் பாக்கெட் வாங்கிட்டுப் போனேன், டிரெயினிங் நடக்கல, சிப்ஸ் தீந்துச்சு.

என் பையன் ஸ்கூல் மீட்ல 100 மீட்டர் 11.2 ஓடிட்டான், நேஷனல் போவானா?

கை வாட்ச்தான? அப்போ 0.24 கூட்டிக்குங்க, 11.44. கை வாட்ச்ல எடுக்கறவரு சத்தம் கேட்டு அமுக்கறதுக்குள்ள கொஞ்சம் நேரம் போயிடுது, அதனால 100க்கும் 200க்கும் 0.24, 400க்கு 0.14 சேத்துத்தான் எலக்ட்ரானிக்கோட ஒப்பிடறது வழக்கம். அப்புறம் காத்து. பின்னாடி இருந்து செகண்டுக்கு 2.0 மீட்டருக்கு மேல அடிச்சா ரெக்கார்டுக்கு செல்லாது, நம்ம ஊர்ல மத்தியானம் கடக்காத்து கிளம்புச்சுன்னா கொடிக்கம்பத்துல கொடி படபடன்னு நிக்கும், எந்தப் பக்கம் ஓடினாங்கன்னு கேளுங்க. டிராக் 100 மீட்டர் இருந்துச்சான்னும் கேளுங்க, நான் டேப் வச்சு அளந்து 96 வந்த கிரவுண்டு உண்டு, எதுன்னு சொல்ல மாட்டேன். 2025 ஜூலைல அனிமேஷ் குஜூர் 10.18 ஓடி இந்திய ரெக்கார்ட உடைச்சாரு. அங்க இருந்து இங்க பாருங்க. பையன் மேல நம்பிக்கை வைங்க, வாட்ச் மேல வேண்டாம்.

ஸ்பைக்ஸ் (அடியில ஆணி வச்ச ஷூ) வாங்கணுமா?

வெறுங்கால்ல ஓடறது ஒண்ணும் அசிங்கம் இல்ல, மதுரை ரேவதி வீரமணி காலேஜ் போட்டிலயும் வெறுங்கால்ல ஓடினவங்கதான், டோக்கியோ ஒலிம்பிக்ல கலப்பு ரிலே ஓடினாங்க. ஆனா நம்ம கிரவுண்டுல கண்ணாடி பீங்கான் கிடக்கு, சாதா ஷூவாவது போடுங்க. மாவட்டத்துக்கு செலக்ட் ஆனதும் ஸ்பைக்ஸ் வாங்கலாம், விலை கம்மியானதே போதும், சைஸ் இறுக்கமா இருக்கணும், 'வளருவான்'னு ஒரு சைஸ் பெருசா வாங்காதீங்க. சிந்தெடிக் டிராக்குக்கு 6 மில்லிமீட்டர் ஆணி, மண்ணுக்கு 9ல இருந்து 12. போட்டி நாளன்னைக்கு முதல் தடவ போட்டு ஓட வேண்டாம், ரெண்டு வாரம் முன்னாடியே வாரத்துக்கு ஒரு நாள் போட்டுப் பழகட்டும், இல்லன்னா கெண்டைக்கால் கட்டிக்கும்.

தொடை பின்னாடி இழுத்துக்கிச்சு, எண்ணெய் போட்டு நீவலாமா?

வேண்டாம். முதல் ரெண்டு மூணு நாள் நீவவே கூடாது, உள்ள கிழிஞ்ச எடத்துல ரத்தம் கசிஞ்சுட்டு இருக்கும், நீவினா அதிகமாகும். துணில சுத்தின ஐஸ் 15 நிமிஷம் வை, எடு, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு திரும்ப வை. 'டப்'னு சத்தம் கேட்டுச்சு, நடக்க முடியல, நீலமா கன்னிப்போச்சுன்னா எலும்பு டாக்டர்கிட்ட போங்க, சுளுக்கு எடுக்கறவர்கிட்ட இல்ல. நடந்தா வலி இல்லங்கறது குணமாச்சுன்னு அர்த்தம் இல்ல. மெதுவா ஓட்டம், அப்புறம் பாதி வேகம், முக்கால், ஒவ்வொரு படியிலயும் வலி இல்லாம ரெண்டு மூணு நாள் போனாத்தான் அடுத்தது. அவசரப்பட்டு வந்தவன் அதே எடத்துல திரும்ப கிழிச்சுக்குவான்.

வராம தடுக்க ஒரு எக்சர்சைஸ் இருக்கு, நார்டிக்னு சொல்லுவாங்க: முட்டி போட்டு நிக்கணும், பின்னாடி ஒருத்தன் கணுக்கால அமுக்கி பிடிச்சுக்கணும், முதுக வளைக்காம பலகை மாதிரி மெதுவா முன்னாடி சாயணும், முடியாதப்ப கைய ஊனிக்கணும். வாரத்துக்கு ரெண்டு நாள், 4, 5 தடவ. முதல் வாரம் உக்கார முடியாம வலிக்கும், அதனால போட்டி வாரத்துல ஆரம்பிக்காதீங்க.

முட்டிச் சில்லுக்குக் கீழ எலும்பு புடைச்சு வலிக்குதுன்னா அது பெரும்பாலும் வேகமா வளர்ற வயசுல வர்றது, 12ல இருந்து 15 வயசு பசங்களுக்கு. தவ்வலக் குறைச்சு ரெஸ்ட் குடுங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிக்குங்க.

பொண்ணுங்களுக்கு டிரெயினிங் வேறயா?

டிரெயினிங் அதேதான். மாசத்துல அந்த நாள்ல ஓடலாமான்னு அம்மாங்க தயங்கித் தயங்கி கேக்குறாங்க, ஓடலாம், ஓட முடியலன்னு பொண்ணு சொன்னா அன்னைக்கு லீவு, காரணம் நான் கேக்கறதில்ல. கொஞ்ச தூரத்துலயே மூச்சு வாங்குது, முகம் வெளுத்து இருக்கு, எப்பவும் களைப்புன்னா ரத்தத்துல ஹீமோகுளோபின் பாருங்க, ஜி.எச்.லயே பாக்கலாம். நிறைய பொண்ணுங்களுக்கு சோம்பேறின்னு பட்டம் கட்டிட்டோம், பாத்தா இரும்புச் சத்து இல்ல. மாசக்கணக்கா பீரியட்ஸே நின்னுபோச்சுன்னா அத 'நல்லா டிரெயின் பண்றா'ன்னு விடாதீங்க, சாப்பாடு பத்தலங்கற அறிகுறியா இருக்கலாம், டாக்டரப் பாக்கணும். அப்புறம் கோச் யாரா இருந்தாலும், நானா இருந்தாலும், உங்க பொண்ண தனியா அனுப்பாதீங்க. ஒரு அம்மாவோ ஒரு லேடி டீச்சரோ கிரவுண்டுல இருக்கணும்.

என்ன சாப்பிட குடுக்கணும்? புரோட்டீன் பவுடர்?

பவுடர் வேண்டாம். பாக்கெட்ல எழுதியிருக்குறதுதான் உள்ள இருக்குன்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது, ஊக்கமருந்து டெஸ்ட்டுல மாட்டினா 'தெரியாம சாப்பிட்டேன்'ங்கறது தப்பிக்க உதவாது. காலைல வர்றதுக்கு முன்னாடி ஒரு வாழைப்பழம், முடிஞ்சதும் ரெண்டு முட்டை, இட்லி. சாயந்திரம் சுண்டல், வேர்க்கடலை. பழைய சோறும் மோரும் வெயில் காலத்துக்கு பிரமாதம், தொட்டுக்க கருவாடு இருந்தா இன்னும் பிரமாதம். போட்டி அன்னைக்கு காலைல பூரி குடுத்து அனுப்புற அம்மாங்களுக்கு என் தனிப்பட்ட வேண்டுகோள்: ப்ளீஸ்.

+1, +2 வந்தா நிறுத்திடணுமா?

ஏன் நிறுத்தணும்? வாரத்துக்கு மூணு நாள், 45 நிமிஷம், முழு வேகம் கம்மி எண்ணிக்கை. ஜனவரில இருந்து பரீட்சை முடியற வரைக்கும் ரெண்டு நாளா குறைச்சுக்கலாம், ஸ்பீடு அவ்வளவு சீக்கிரம் போகாது, சுத்தமா விட்டாத்தான் போகும். ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட் இருக்கு, தமிழ்நாடு அரசு வேலைல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு, ஆனா எந்த போட்டி சர்டிபிகேட் எதுக்கு செல்லும்னு முன்னாடியே விசாரிச்சுக்குங்க. சர்டிபிகேட்ட லேமினேட் பண்ணாதீங்க, பின்னாடி சீல் போடச் சொன்னா எங்க போடறது.

வயச குறைச்சு கீழ் பிரிவுல ஓட வைக்கலாமா?

என்கிட்ட வராதீங்க.

ரிலேல எப்பவும் கட்டை கீழ விழுது சார்!

இது எனக்குப் பிடிச்ச கேள்வி. 4x100ல வேகமான நாலு பேர் இருக்குற ஸ்கூல, சுமாரான நாலு பேர் தோற்கடிக்கிறது ரிலேலதான் நடக்கும், நான் ரெண்டு தடவ அந்த சுமார் நாலு பேரோட நின்னிருக்கேன்.

2017க்கு அப்புறம் கட்டைய கை மாத்துற ஜோன் 30 மீட்டர். முன்னாடி 10 மீட்டர் ஓடி வர்ற எடம் தனி, 20 மீட்டர் மாத்துற ஜோன் தனின்னு இருந்துச்சு, இன்னும் சில கிரவுண்டுல பழைய கோட்டையே சுண்ணாம்புல போடறாங்க, ரேஸுக்கு முன்னாடி போய்ப் பாத்துக்குங்க. வாங்கறவன் ஜோன் ஆரம்பத்துல நிக்கணும், அங்க இருந்து பின்னாடி தன் பாதத்தால 18, 20 அடி அளந்து ஒரு டேப் ஒட்டணும், மண்ணுன்னா ஒரு கோடு கிழிச்சுக்கணும். குடுக்கறவன் அந்த அடையாளத்த மிதிச்ச நொடில வாங்கறவன் திரும்பிப் பாக்காம ரேஸ் மாதிரி கிளம்பணும். ரொம்ப சீக்கிரம் பிடிச்சுட்டானா அளவ ஒரு அடி கூட்டு, பிடிக்கவே முடியலன்னா ஒரு அடி குறை. 'ஏய்'னு குடுக்கறவன் கத்தினதும் கை பின்னாடி போகணும், போன கை ஆடக் கூடாது. எங்க பசங்க நடுவுல ஒரு வருஷம் எல்லா டீமும் 'ஏய்' கத்துறான் குழப்பமா இருக்குன்னு 'பரோட்டா'ன்னு மாத்திக்கிட்டாங்க. வேலை செஞ்சுது.

முதல் ஆள் நல்லா ஸ்டார்ட் அடிக்கிறவன், வளைவு ஓடத் தெரிஞ்சவன். மூணாவது ஆளும் வளைவு. ரெண்டாவது ஆள் வாங்கவும் தெரியணும் குடுக்கவும் தெரியணும். கடைசி ஆள், பின்னாடி இருந்தா கோவம் வர்றவன், பயம் வர்றவன் இல்ல. வாரத்துக்கு ரெண்டு நாள் பத்து நிமிஷம் பழகினா போதும், ஆனா முழு வேகத்துல பழகணும், நடந்து நடந்து குடுத்துப் பழகினது ரேஸுல ஒண்ணுத்துக்கும் ஆகாது.

போட்டி அன்னைக்கு என்னென்ன எடுத்துட்டு வரணும்?

ஆதார் நகல், ஸ்கூல் லெட்டர், ரெண்டு பாட்டில் தண்ணி, துண்டு, மாத்து சட்டை. காலைல 7 மணிக்கு வரச் சொல்லி பைனல மத்தியானம் 2 மணிக்கு வைப்பாங்க, அதுவரைக்கும் வெயில்ல சுத்தாம பந்தல் இல்லன்னா மர நிழல்ல உக்காரணும், அதனால ஒரு பாய் கொண்டு வாங்க. வார்ம் அப் ரேஸுக்கு 40 நிமிஷம் முன்னாடி, ஹீட்ஸ் (முதல் சுத்து) முடிஞ்சு பைனலுக்கு நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா திரும்ப பாதி வார்ம் அப். அப்புறம் நம்பர் குத்த நாலு ஊக்கு. ஒவ்வொரு வருஷமும் நான் ஒரு டப்பா வாங்கிட்டுப் போறேன், ஒவ்வொரு வருஷமும் வேற ஸ்கூல் பசங்க வந்து "சார் ஒரு ஊக்கு இருக்குமா சார்"னு கேட்டு டப்பா காலி ஆயிடுது, எங்க பசங்க ஒரே ஊக்குல நம்பர் ஆட ஆட ஓடுறாங்க.